பிரேம்குமார் பெயரில் ஒரு சீசன்

ஜனவரி இரண்டாவது வாரம், கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையில், பிரேம்குமார் தன் மனைவியை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து மூன்று பொத்தான்களைக் காட்டினான்.

"இதை அழுத்தினா உள்ள போகும். இது மேட்சுக்கு. முடிஞ்சதும் இது. அவ்வளவுதான் ப்ரியா. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு உக்காந்தா ஆறரைக்கு எந்திரிச்சிடலாம்."

"நடுவுல ஏதாச்சும் கேட்டா?"

"ஓகேன்னு அழுத்து. டீம்ல மட்டும் கை வைக்காத. எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கேன்."

அது ஒரு கால்பந்து மேனேஜர் விளையாட்டு. பந்தை நாம் உதைக்க வேண்டியதில்லை. ஒரு கிளப்பை எடுத்துக்கொண்டு, யார் ஆடுவது, யார் எங்கே நிற்பது, யார் முன்னே ஏறிப்போவது, யார் பின்னால் காவலிருப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மரைன் காலேஜில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் ஐந்து வருடமாகச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மகேஷ் இப்போது சென்னையில், தினேஷ்குமார் மும்பையில். இருவரும் கரை வேலைக்கு வந்துவிட்டவர்கள். பிரேம்குமார் மட்டும்தான் இன்னும் கப்பலில். அவனுடைய கிளப்பின் பெயர் கிடர்பூர் டாக்கர்ஸ். அவனே வைத்த பெயர். அவன் அப்பா கொல்கத்தாவின் கிடர்பூர் டாக்கில் கிரேன் ஓட்டியவர்.

மூவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவனுடைய கிளப்பை கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். போன முறை கடலில் இருந்தபோது அப்படித்தான் அவன் கிளப் கைவிட்டுப் போனது. திரும்ப வாங்க ஒரு வருடம் ஆனது. இந்த முறை கப்பலில் நெட் நன்றாக இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தான். அது பொய். ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளந்து கொடுக்கிற பழைய கப்பல் அது.

"அப்போ நான்தான் நீங்கன்னு நெனைப்பாங்களா?" என்று கேட்டாள்.

"சாட்ல ஏதாவது எழுதுவானுங்க. நெட் ஸ்லோடான்னு போட்டு விட்டுடு. குரல்ல பேசக் கூப்பிட்டா, கப்பல் நெட் தாங்காதுன்னு சொல்லிரு."

மறுநாள் காலை அவன் போய்விட்டான். ஏழு மாதக் கான்ட்ராக்ட்.

ஜெயப்ரியாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா உப்பளத்தில் மேற்பார்வையாளர். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். அங்கே காகிதங்களில் கையெழுத்து வாங்க வந்த கப்பல்காரனைத்தான் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் இரண்டு வீட்டிலும் பார்த்து முடித்த கல்யாணம்தான். இருபத்தேழு வயதில் கொல்கத்தாவுக்கு வந்தாள். ஒன்பது வருடமாகியும் பெங்காலி அவளுக்குக் காதில் ஏறியதே தவிர வாயில் வரவில்லை. குழந்தை இல்லை. முதல் நான்கு வருடம் அதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேசுவதை விட்டுவிட்டார்கள். மாமனார் காலமான பிறகு மாமியார் புனேவில் மகளோடு இருந்தார். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், சிவப்பு சிமெண்ட் தரை போட்ட அந்தப் பழைய ஃப்ளாட்டில் வருடத்தில் ஏழு, எட்டு மாதம் அவள் மட்டும்தான்.

வேலை என்று ஒன்று இருந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே தமிழ்க் குரல் பதிவுகளைக் கேட்டு, சரி தவறு குறிக்கும் வேலை. ஒரு நாளைக்கு நானூறு குரல்கள். 'பக்கத்துல பெட்ரோல் பங்க் எங்க இருக்கு' என்று ஒரு கிழவர் கேட்பார். 'அம்மாவுக்கு போன் போடு' என்று ஒரு பெண் சொல்வாள். 'நாளைக்கு மழை வருமா' என்று இன்னொருவர். மூன்று வினாடி, நான்கு வினாடி. அவள் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். நாள் முழுக்கக் காதில் தமிழ்தான். அதில் ஒரு சொல் கூட அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. நேரில் தமிழ் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் கருப்பையா கடைக்குத்தான் போக வேண்டும்.

முதல் சனிக்கிழமை, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்ட அந்த ஜனவரிப் பொழுதில், அவன் சொன்னபடி அவள் உட்கார்ந்தாள். கிடர்பூர் டாக்கர்ஸ் 1-3 என்று தோற்றது. அடுத்த வாரம் 0-2. அதற்கடுத்த வாரம் 2-4.

"டேய் பிரேம், கடல்ல தூங்கிட்டியா?" என்று சாட்டில் மகேஷ் எழுதினான்.

'நெட் ஸ்லோடா' என்று அவள் தட்டினாள். ஓர் ஆண்பிள்ளையை 'டா' போட்டு அவள் எழுதியது அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை. தட்டிவிட்டு, யாரோ பார்த்துவிட்டதுபோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தோல்விகளைப் பிரேம்குமாருக்கு எழுதி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'பரவால்ல. ஃபார்ம் வரும். ஒண்ணும் தொடாத.'

அவள் தொடவில்லை. ஆனால் பார்க்க ஆரம்பித்தாள். நானூறு குரலில் எந்த எழுத்து பிசகியது என்று கண்டுபிடித்தே பழகிய ஆள். வாங்கிய ஒன்பது கோலையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். ஏழு கோல் ஒரே மாதிரி வந்திருந்தது.

பிரேம்குமாரின் அணி நின்ற விதம் இப்படி: பின்னால் நான்கு பேர் (ஓரத்தில் இருவர், நடுவில் சென்டர் பேக் என்று இருவர்), அவர்களுக்கு முன்னால் காவலுக்கு ஒருவர், அப்புறம் இருவர், அப்புறம் ஒருவர், கடைசியில் கோல் போட இருவர். பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் ஆறு பேரும் மைதானத்தின் நடுவிலேயே நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டு ஓரக்கோட்டிலும் ஆளே இல்லை. அதனால் பின்வரிசையின் இடது கோடியில் நின்ற லால்பியாகாவும் வலது கோடியில் ரைட் பேக்காக நின்ற தபன் மண்டலும்தான் ஓரம் முழுவதற்கும் பொறுப்பு. முன்னே ஓடிப்போய்ப் பந்தை உள்ளே அனுப்பவும் அவர்களே. எதிராளி வந்தால் திரும்ப ஓடிவந்து மறிக்கவும் அவர்களே. பிரேம்குமார் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் முன்னே ஏறச் சொல்லி வைத்திருந்தான். பந்து பறிபோன அடுத்த நொடி, அவர்கள் விட்டுவிட்டுப் போன மூலைக்குள் எதிரணி புகுந்தது.

'ரெண்டு பேரும் சேர்ந்து ஏறிப் போயிட்டா பின்னால யாரு இருக்கா?' என்று கேட்டு எழுதினாள்.

'சென்டர் பேக்ஸ் பாத்துப்பாங்க. சூயஸ் கிட்ட இருக்கோம். எஞ்சின் ரூம்ல நிக்க முடியல, அவ்வளவு சூடு.'

அவள் ஒரு நீளமான பதில் எழுதினாள். அதில் பாதி பந்தாட்டம், பாதி வேறு என்னென்னவோ. படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். 'உடம்பைப் பாத்துக்கோங்க' என்று மட்டும் அனுப்பினாள்.

மறு சனிக்கிழமை தெருமுனையில் ஏதோ பூஜைக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டிருந்தார்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவள், ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, லால்பியாகா மீது அழுத்தினாள். 'பின்னால் நில்' என்று மாற்றினாள். தபன் மண்டலுக்கும் அதேதான்.

கோல் விழவில்லை. கோல் போடவும் இல்லை. 0-0. அடுத்த வாரமும் 0-0. மூன்றாவது வாரம் 0-1. ஓரத்தில் ஓட ஆளில்லை என்று தெரிந்ததும் எதிரணி எல்லாரையும் நடுவில் குவித்துக் கதவடைத்துவிட்டது.

"என்னடா, கோட்டைச் சுவர் கட்டிட்டு உள்ளயே உக்காந்துட்ட?" என்றான் தினேஷ்குமார்.

அந்த வாரம் முழுவதும் அது அவளை விடவில்லை. விளையாட்டுக்குள்ளேயே ஒவ்வொரு வேலைக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஓரத்தில் நிற்கிற பேக்கிலேயே எத்தனை ரகம்: கோடு வரை ஓடுகிறவன், பாதி வழியில் நிற்கிறவன், உள்பக்கம் மடங்கி நடுவுக்கு வருகிறவன், அசையாமல் நிற்கிறவன். சென்டர் பேக்கில், முன்னே பாய்ந்து மறிப்பவன் ஒருவன். ஓரடி பின்னால் நின்று தப்பி வருவதைப் பிடிப்பவன் ஒருவன். யாரோ வெள்ளைக்காரர்கள் பத்து வருடத்துக்கு முன் இணையத்தில் இதைப் பற்றிப் போட்ட சண்டை முழுவதையும் படித்தாள்.

ஒரு மத்தியானம், துணிக் கிளிப்புகளை எடுத்துவந்து சிவப்புத் தரையில் பரப்பினாள். நீலம் பதினொன்று நம் ஆள். மஞ்சள் பதினொன்று எதிராளி. நீலத்தை நடுவில் நெருக்கி வைத்துவிட்டு, மஞ்சளை ஓரமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். முழங்கால் வலிக்கிற வரை பார்த்தாள்.

அழைப்பு மணி அடித்தது. இரண்டாவது மாடி சுதபா. கொரியர்க்காரன் தவறி அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பார்சலைக் கொண்டுவந்திருந்தாள். கதவிடுக்கு வழியே தரையைப் பார்த்தாள்.

"ஏட்டா கீ, பௌதி?" இது என்ன அண்ணி என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஜெயப்ரியாவுக்குச் சொல்ல ஆசைதான். இது லால்பியாகா, இவன் போனால் இந்த மூலை காலி, அதற்கு யாரைக் காவல் வைப்பதென்று பார்க்கிறேன். ஒரு சொல்லும் பெங்காலியில் வரவில்லை. "ஃபுட்பால்" என்றாள்.

"ஓ, ஃபுட்பால்!" என்று சுதபா தலையாட்டினாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "தாதா கபே ஆஷ்பேன்?"

அண்ணன் எப்போது வருவார். அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவளிடம் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். "ஆகஸ்ட்" என்றாள். சுதபா மாடியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி தரையில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

இரண்டு பேரும் போகவும் வேண்டாம். இரண்டு பேரும் நிற்கவும் வேண்டாம். லால்பியாகாவுக்குக் கால் இருக்கிறது. வேகத்துக்கு இருபதில் பதினேழு மதிப்பெண். எங்கே நிற்பது என்கிற புத்திக்கு ஏழுதான். அவன் போகட்டும், கோடு வரை போகட்டும். தபன் மண்டலுக்கு முப்பத்திரண்டு வயது. ஓட்டம் ஒன்பது, நிற்கிற புத்தி பதினாறு. அந்த ஆளைத்தான் பிரேம்குமார் ஓடவிட்டு ஓடவிட்டு மூச்சுத் திணற வைத்திருந்தான். தபன் நிற்கட்டும், நின்று, சென்டர் பேக்குகள் பக்கமாக ஒட்டிக்கொள்ளட்டும். அப்போது எந்த நேரமும் பின்னால் மூன்று பேர் இருப்பார்கள். இடப்பக்க சென்டர் பேக் ஃபெலிக்ஸ் வேகக்காரன். அவன் ஓரடி பின்னால் நின்று, லால்பியாகா விட்டுப்போன மூலைக்கு ஓடத் தயாராக இருக்கட்டும். வலப்பக்க சென்டர் பேக் பிப்லப், ஆறடி நான்கு அங்குலம். அவன் முன்னே பாய்ந்து மறிக்கட்டும். வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளட்டும். அவர்கள் முன்னால் காவல் நிற்கும் சாதிக் மோல்லா எந்தக் காரணத்துக்காகவும் நடுவை விட்டு நகரக் கூடாது. நடுவில் நிற்கிற இருவரில் இடப்பக்கத்தவனும் பாதி வழியிலேயே நிற்க வேண்டும்.

இன்னொன்றும் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஓரத்திலிருந்து எதிராளி பந்தைத் தூக்கிப் போடுவதைத் தடுக்கவே முடியாது. ஓரத்தில் நமக்கு ஆளில்லை. போடட்டும். வந்து விழுகிற இடத்தில் நம் ஆள் உயரமாக நின்றால் போதும்.

மார்ச் முதல் சனிக்கிழமை கிடர்பூர் டாக்கர்ஸ் மகேஷின் அணியை 2-0 என்று வென்றது. எதிரணி இருபத்தாறு முறை பந்தைத் தூக்கி உள்ளே போட்டது. பிப்லப் முட்டித் தள்ளினான், தள்ளினான், தள்ளிக்கொண்டே இருந்தான். எழுபதாவது நிமிடத்தில் லால்பியாகா ஓரத்தில் தனியாக ஓடிப்போய்ப் போட்ட பந்தில் இரண்டாவது கோல் விழுந்தபோது, ஜெயப்ரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினாள். காலி அறையில் அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்டது. ஸ்டேஷனில் கேனிங் லோக்கல் வருகிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காரியாஹாட்டிலிருந்து ஆட்டோ பிடித்து லேக் மார்க்கெட்டுக்குப் போனாள். கருப்பையா உளுந்தை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நேத்து ஜெயிச்சாச்சு."

"என்னதும்மா?"

"மேட்ச்சு."

"யாரு, மோகன் பகானா?"

"இல்ல. கிடர்பூர்."

"அப்படி ஒரு டீம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தைக் கட்டினார். "சாரு என்னைக்கு வாராரு?"

அதற்குள் வேறு ஆள் வந்து காப்பித்தூள் கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் கிடர்பூர் டாக்கர்ஸ் தோற்கவில்லை. சாட்டில் அவள் பெயர் (அதாவது பிரேம்குமாரின் பெயர்) ஓயாமல் அடிபட்டது. "மச்சான், என்ன டிஃபென்ஸ்டா இது, எங்கடா பிடிச்ச?" "டேய், அந்த ரைட் பேக் கிழவன் அசையவே மாட்டேங்கிறான்டா, சிலை மாதிரி." முதலில் 'ஹா ஹா' என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தவள், போகப் போகத் திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டாள். 'உன் ஸ்ட்ரைக்கருக்கு கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னு யாராச்சும் சொல்லிருக்காங்களாடா' என்று ஒருமுறை எழுதினாள். இரண்டு பேரும் சிரித்த அடையாளங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அவளும் தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மற்ற ஆறு நாளும் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

'ஜெயிச்சதா?' என்று பிரேம்குமார் கேட்பான். 'ஜெயிச்சது' என்று பதில் போடுவாள். 'நான் சொன்னேன்ல, ஃபார்ம் வரும்னு.' அவள் மறுத்து எழுதவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, புயல்மழை அடித்து ஓய்ந்திருந்தது. ஆட்டம் முடிந்து மகேஷ் போய்விட்டான். தினேஷ்குமார் மட்டும் போகாமல் இருந்தான். வெகு நேரம் எழுதிக்கொண்டே இருப்பதாகத் திரை காட்டியது.

'பிரேம், அப்பாவை ஐசியுல சேர்த்திருக்குடா. யார்கிட்டயும் சொல்லல. உள்ள போகவே பயமா இருக்கு. போனா என்ன பேசுறதுன்னு தெரியல.'

அந்த நேரம் அவள் எழுந்து போயிருக்கலாம். நெட் ஸ்லோ என்று போட்டிருக்கலாம். அவளுடைய அப்பா நான்கு வருடத்துக்கு முன் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். அவள் டிக்கெட் கிடைத்து ரயிலேறி, விஜயவாடா தாண்டும்போது போன் வந்தது.

'பேசணும்னு இல்ல' என்று எழுதினாள். 'பக்கத்துல போய் உக்காரு. கையைப் பிடிச்சிக்கோ. அவங்க கண்ணு மூடியிருந்தாலும் நீ வந்திருக்கன்னு தெரியும். இப்பவே போ.'

வெகு நேரம் கழித்து வந்தது பதில். 'நீ இப்படியெல்லாம் பேசுவன்னு எனக்குத் தெரியாதுடா. போறேன்.'

இதை அவள் பிரேம்குமாருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நாலைந்து தடவை எடுத்தாள். டேட்டா இல்லை என்பான், சூடு என்பான், இரண்டு நாள் கழித்து ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் தினேஷ்குமாரின் அப்பாவை எப்படி அடக்குவது? அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தப் பேச்சு தனக்கு வந்தது, தனக்கே இருக்கட்டும் என்று ஓர் ஆசையும் உள்ளே இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி பிரேம்குமார் வந்தான். இளைத்திருந்தான். இரண்டு நாள் தூங்கினான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவனே லேப்டாப்பைத் திறந்தான். அவள் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ப்ரியா, இது என்ன?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தபன் ஏன் இங்க நிக்கிறான்? ஃபெலிக்ஸ் ஏன் பின்னால? யாரு மாத்தினது?"

"நான்தான். தோத்துக்கிட்டே இருந்துச்சு. அதான்..."

"ஒண்ணும் தொடாதன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்கு? இப்ப ரெண்டாவது இடம்."

"தூர்!" என்று பெங்காலியில் சலித்துக்கொண்டான். "இது என் டீம் மாதிரியே இல்ல." அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். ஒவ்வொருவராக அழுத்திப் பழைய இடத்துக்குத் திருப்பினான். லால்பியாகா முன்னே, தபன் மண்டல் முன்னே. அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்கே போய்விட்டாள்.

இப்போது நெட் இருப்பதால் குரலில் பேசிக்கொண்டார்கள். அங்கிருந்தே எல்லாம் கேட்டது. முதல் பாதியிலேயே மூன்று கோல். தினேஷ்குமாரின் அணி 4-1 என்று ஜெயித்தது.

"என்னடா மச்சான் ஆச்சு? அந்த டிஃபென்ஸ் எங்க போச்சு?" என்றான் தினேஷ்குமார்.

"ஃபார்ம் போச்சுடா" என்று பிரேம்குமார் சிரித்தான்.

"அது எப்படிடா செட் பண்ணின? இப்பவாச்சும் சொல்லேன். எதுக்கு அந்த ரைட் பேக்கை மடக்கி வச்ச?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். இப்போது சொல்லுவான் என்று நினைத்தாள்.

"சும்மா, ட்ரை பண்ணிப் பாத்தேன்" என்றான்.

"சரி, இருக்கட்டும். அப்பா இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு. அன்னைக்கு நீ மட்டும் சொல்லலைன்னா நான் உள்ள போயிருக்கவே மாட்டேன். தேங்க்ஸ்டா."

"என்னைக்கு?" என்று கேட்ட பிரேம்குமார், உடனே சுதாரித்து, "ஆங், ஆமா ஆமா. நல்லா பாத்துக்கோ" என்றான்.

லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"தினேஷ் அப்பாவுக்கு என்ன?"

அவள் சொன்னாள்.

"இதை நீ எனக்குச் சொல்லவே இல்ல. அவன் என் ஃப்ரெண்டு ப்ரியா. அவன் அழுதது என்கிட்ட. அதை நீ வாங்கி வச்சிக்கிட்ட."

"தப்புத்தான்" என்றாள். அது தப்பென்று அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. பிறகு, "நீங்க கூடத்தான் சொல்லல. அவரு கேட்டாருல்லா, யாரு செட் பண்ணினதுன்னு" என்றாள்.

அவன் போய் டிவியைப் போட்டான். அவன் தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. டிவியில் ஏதோ ஓடியது.

அடுத்த வாரமும் தோற்றான். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வெளியே போய்விட்டு வந்தான். துர்கா பூஜைக்குள் அந்த விளையாட்டே அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. சினிமாவுக்குப் போனார்கள், புனேவுக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சனிக்கிழமைகளில் மட்டும், ஐந்து மணி ஆனதும் இரண்டு பேருக்கும் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தது. இடையில் எப்போதாவது உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தான், கிளப் போகாமல் இருக்க.

டிசம்பர் கடைசியில் மறுபடி கிளம்பினான். பெட்டியைப் பூட்டும்போது, "அந்த கேமை விட்டுடு ப்ரியா. கம்ப்யூட்டர் எடுத்துக்கட்டும்" என்றான்.

"நான் ஆடலாமா?"

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உன் இஷ்டம். ஆனா என் பேருல வேண்டாம்."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவள் உள்ளே போனாள். முதலில் பெயரை மாற்றினாள். பிறகு சாட்டில் எழுதினாள். 'வணக்கம். நான் ஜெயப்ரியா, பிரேம்குமார் மனைவி. போன ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஆடியது நான்தான். உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் சரி என்றால் தொடர்ந்து ஆட ஆசை.' நாலு வரியை எழுத முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பேச்சு மாதிரி எழுத வரவில்லை. பிரேம்குமார் பெயரில் எழுதும்போதுதான் அவளுக்கு அது வந்தது.

எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

'வணக்கம் அண்ணி' என்று எழுதினான் மகேஷ். 'தாராளமா ஆடுங்க.' கூடவே ஒரு கும்பிடு.

தினேஷ்குமார் எதுவும் எழுதவில்லை. ஆட்டம் தொடங்கியது, முடிந்தது. தடுப்பு வரிசையைத் தன் பழைய ஏற்பாட்டுக்கு மாற்றியிருந்தாள். 1-0 என்று ஜெயித்தாள். 'வாழ்த்துகள் அண்ணி' என்று வந்தது. அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படியே. 'குட் ஈவினிங் சிஸ்டர்', 'வெல் பிளேய்ட்', ஒரு கும்பிடு. யாரும் யாரையும் டேய் என்று கூப்பிடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிக்க வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு தடவை துணிந்து, மகேஷின் கோல்கீப்பரைப் பற்றி ஒரு கிண்டல் எழுதினாள். 'ஹா ஹா, ஆமா அண்ணி' என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஆட்டம் முடிந்து மகேஷ் போன பிறகு தினேஷ்குமார் எழுதினான்.

'அன்னைக்கு எங்க அப்பா விஷயமா எழுதினதும் நீங்கதானா?'

'ஆமாம்.'

எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. அவள் மடியில் கைவைத்துக் காத்திருந்தாள்.

'சரி' என்று வந்தது. அவன் போய்விட்டான்.

பிப்ரவரி கடைசியில் விளையாட்டு ஒரு செய்தி காட்டியது. தபன் மண்டல் இந்த சீசனோடு ஓய்வு பெறுகிறார். எதிர்பார்த்ததுதான், அந்த ஆளுக்கு விளையாட்டின் கணக்கில் முப்பத்துநான்கு ஆகியிருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் குரல்களைக் கேட்கும்போது இரண்டு மூன்று தவறாக டிக் போட்டுவிட்டாள். சாயங்காலம் உட்கார்ந்து வேறு ரைட் பேக் தேடினாள். பட்டியலில் இருந்தவனெல்லாம் ஓட்டக்காரன். பதினெட்டு, பத்தொன்பது என்று வேகம். நிற்கத் தெரிந்தவன் ஒருவனும் கிடைக்கவில்லை. மூன்று பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, சாட்டில் பொதுவாகப் போட்டாள்: 'ரைட் பேக் தேவை. ஓட வேண்டாம். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.'

சனிக்கிழமை ஐந்து மணிக்கு உள்ளே போனபோது தினேஷ்குமார் முன்னாலேயே வந்திருந்தான்.

'சிஸ்டர், எங்கிட்ட ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷமா பெஞ்சுலயே உக்காந்திருக்கான். ஸ்பீடு இல்லன்னு நான் எறக்கவே இல்ல. வேணும்னா ஒரு சீசன் கடனா எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, ரைட் பேக் நிக்கும்போது அந்தப் பக்கம் ஓரம் முழுக்கக் காலியாகுதே. உங்களுக்கு அதுல பயம் இல்லையா?'

அவள் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள்.

'காலியாகத்தான் இருக்கும்' என்று எழுதினாள். 'அந்தப் பக்கமிருந்து அவங்க பந்தைத் தூக்கிப் போடட்டும். நடுவுல உயரமான ஆள் வேணும். உங்க ஆளுக்கு ஹைட் என்ன? தலையால ஆடுவானா?'

எழுதி அனுப்பிய பிறகுதான் கவனித்தாள், பேசுவது போலவே எழுதியிருந்தாள். எதிர்ப்பக்கம் அவன் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

'ஆறடி ஒண்ணு' என்று வந்தது. 'தலையால ஆடுறது சுமார்தான். பாக்குறீங்களா?'

'அனுப்புங்க' என்றாள்.